கருவுக்குக் குரல் கொடுத்தவர்கள் தாயிடம் எப்படிப் பேசினார்கள்?

தஞ்சாவூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் வெட்டாற்றங்கரையில் திருக்கருகாவூர். பிள்ளைப் பேறு வேண்டுகிறவர்கள் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியின் வாசற்படியை நெய்யால் மெழுகிக் கோலமிடுகிறார்கள்; அம்பாள் பாதத்தில் வைத்த நெய்யை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறார்கள். மாதம் ஏறிய கர்ப்பிணிகள் பூசித்த விளக்கெண்ணெய் வாங்கிப்போய், வலி எடுக்கும் நேரத்தில் வயிற்றில் தடவிக்கொள்கிறார்கள். கருவில் இருக்கும் உயிரைக் காப்பதற்கென்றே காவிரி டெல்டாவில் ஓர் அம்பாள் இருக்கிறாள்.

அந்தத் தலத்தின் கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நித்துருவ முனிவர் வெளியே போயிருக்கிறார். கர்ப்பிணியான அவர் மனைவி வேதிகை, அசதியில் எழுந்திருக்கவும் முடியாமல் கிடக்கிறாள். அப்போது பிச்சை கேட்டு வருகிறார் ஊர்த்துவபாத முனிவர். குரல் கொடுத்தும் அவள் வரவில்லை. அவமதித்துவிட்டாள் என்று கோபப்பட்டுச் சாபம் கொடுக்கிறார், கரு கலைகிறது. வேதிகை அம்பாளிடம் கதறுகிறாள். அம்பாள் கலைந்த கருவை ஒரு குடத்தில் ஏந்தி, வளர்த்து, குழந்தையாக அவள் கையில் கொடுக்கிறாள். இந்தக் கதையில் அம்பாள் வேதிகையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏன் எழுந்து வரவில்லை, ஏன் கவனமாக இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. கோபம் முழுக்க முனிவருடையது, ஆதரவு முழுக்க அம்பாளுடையது.

இதே டெல்டாவில், பெண் கருவைக் கலைக்காதே என்று சொல்லிக் கர்ப்பிணிகளின் கைப்பேசிக்கு வந்து சேரும் காணொளிகளின் தொனி வேறு. அவற்றில் பேசுவது பெரும்பாலும் முனிவரின் குரல்.

எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய வகைதான். இருட்டில் ஒரு சின்ன உருவம், பின்னணியில் இதயத் துடிப்பு, அதன் மேல் புல்லாங்குழல். மழலைக் குரல் ஒன்று “அம்மா” என்று தொடங்குகிறது. உன் வயிற்றில் எவ்வளவு சுகமாக இருக்கிறேன் தெரியுமா என்கிறது, உன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்கிறது. பிறகு இசை மாறும். கத்தி, கத்தரிக்கோல், சிவப்பு வெளிச்சம். நான் என்ன தப்பு செய்தேன் என்று அந்தக் குரல் கேட்கும். கடைசி மூன்று நொடியில் சிறைத்தண்டனை, அபராதம் என்று எழுத்து ஓடும். வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வகைக் குறும்படங்கள் ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன. எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுக்கவில்லை. பெண் குழந்தை பிழைக்க வேண்டும் என்ற உண்மையான தவிப்பு அதில் இருக்கிறது. அந்தத் தவிப்பு எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் படத்தில் அப்பா இருக்கமாட்டார். மாமியார் இருக்கமாட்டார். ஸ்கேன் எடுத்தவர் இருக்கமாட்டார். கூண்டில் நிற்பது ஒருத்தி மட்டும்.

இந்த அழகியல் நம் ஊரில் பிறந்தது இல்லை. 1984-இல் அமெரிக்காவில் ‘மௌன அலறல்’ என்று பொருள்படும் பெயரில் 28 நிமிடப் படம் ஒன்று வந்தது. அதில் பேசியவர் பெர்னார்ட் நாதன்சன் என்ற மகப்பேறு மருத்துவர். ஒரு காலத்தில் கருக்கலைப்பு உரிமைக்காக இயக்கம் கட்டியவர், நியூயார்க்கில் அதற்கான மருத்துவமனையை நடத்தியவர், பிறகு முற்றிலும் எதிர்ப்பக்கம் போனவர். பன்னிரண்டு வாரக் கரு கலைக்கப்படுவதை அல்ட்ராசவுண்ட் திரையில் காட்டி, இதோ விலகுகிறது, இதோ வாய் திறக்கிறது என்று அவர் விளக்கினார். அந்த வயதில் கருவுக்கு வலியை உணரும் அமைப்பே உருவாகியிருக்காது என்று மருத்துவ வல்லுநர்கள் பலர் மறுத்தார்கள். ஆனாலும் படம் உலகம் முழுக்கப் போனது. அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திரையில் கரு மட்டும் தெரிகிறது, அதைச் சுமக்கும் பெண் திரைக்கு வெளியே இருக்கிறாள். அவளுக்கு முகம் இல்லை, வயது இல்லை, காரணம் இல்லை. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்கள் இந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டன.

அமெரிக்காவிலேயே கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கத்தின் புத்திசாலிகள் பத்தாண்டுக்குள் இந்தப் பாணியைக் கைவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் டிமாஸ் அறக்கட்டளை தொலைக்காட்சியில் விளம்பரங்கள் வெளியிட்டது. ரத்தம் இல்லை, சட்டம் இல்லை, வசை இல்லை. விளையாடும் குழந்தைகள், இதமான குரல், கடைசியில் ‘உயிர்: எத்தனை அழகான தேர்வு’ என்ற பொருளில் ஒரு வரி. எதிர்த்தரப்பு ‘தேர்வு’ என்ற உரிமையை முன்வைத்துப் போராடிக்கொண்டிருந்தபோது அதையே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது அந்த விளம்பரம். 2010 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே ‘ஃபோகஸ் ஆன் த ஃபேமிலி’ அமைப்பு ஒரு 30 நொடி விளம்பரம் கொடுத்தது. கால்பந்து வீரர் டிம் டீபோவும் அவர் தாய் பாமும் நடித்தது. டிம் வயிற்றில் இருந்தபோது கலைத்துவிடும்படி மருத்துவர்கள் சொன்னார்கள், மறுத்துப் பெற்றேன் என்பது அந்தத் தாய் வெளியே சொல்லிவந்த கதை. ஒளிபரப்பாகும் முன்பே பெண்கள் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. விளம்பரம் வந்தபோது அதில் கருக்கலைப்பு என்ற சொல்லே இல்லை! ஒரு தாய் மகனைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறார், மகன் ஓடிவந்து விளையாட்டாக அவரைத் தள்ளுகிறான். மற்றதை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லி முடிந்துவிட்டது.

அவர்கள் அரசியலோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாக் கருக்கலைப்பையும் தடை செய்யக் கேட்கும் இயக்கம் அது. ஆனால் எப்படிப் பேசினால் மனிதர் காது கொடுப்பார் என்ற பாடத்தை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். மிகையாகப் பயமுறுத்தினால் கேட்பவர் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று இர்விங் ஜானிஸ், சேமூர் ஃபெஷ்பாக் என்ற உளவியலாளர்கள் 1953-லேயே சோதித்துச் சொன்னார்கள். பல் பாதுகாப்பைப் பற்றி மாணவர்களுக்கு வெவ்வேறு அளவு அச்சம் கலந்த மூன்று உரைகளைக் கொடுத்துப் பார்த்ததில், மிகக் கொடூரமான படங்கள் காட்டப்பட்டவர்கள்தான் சொன்னதை மிகக் குறைவாகக் கடைப்பிடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் இதைச் செம்மைப்படுத்தினார்கள்: பயம் வேலை செய்ய வேண்டுமானால், தப்பிக்கும் வழி ஒன்று பயந்தவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவதும் பெண் என்று தெரிந்து, புருஷன் வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத நிலையில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்தக் காணொளி எந்த வழியைக் காட்டுகிறது?

தமிழ்நாடு ஏற்கெனவே படித்த பாடம்

குடும்பத்தின் படுக்கையறை முடிவுகளுக்கு விளம்பரம் செய்வதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் திட்டம் 1950-களிலேயே இங்கே தொடங்கிவிட்டது. அறுபதுகளில் சிவப்பு முக்கோணமும் சிரித்த முகக் குடும்பப் படமும் சுவரெங்கும் வந்தன. ‘அளவான குடும்பம், வளமான வாழ்வு’ என்ற வரியைக் கும்பகோணம் பேருந்து நிலையத்திலும் மன்னார்குடி டூரிங் டாக்கீஸிலும் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த விளம்பரம் யாரையும் திட்டவில்லை. இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னது. நெருக்கடி நிலையின்போது, 1975 முதல் 77 வரை, வட மாநிலங்களில் இதே திட்டம் கட்டாய அறுவையாக மாறியது. மக்கள் மருத்துவமனையைக் கண்டு ஓடினார்கள், 1977 தேர்தலில் பதில் சொன்னார்கள். குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரையே குடும்ப நலம் என்று மாற்ற வேண்டிவந்தது. தமிழ்நாடோ 1990-களின் நடுவிலேயே பதிலீட்டு அளவுக்குக் குழந்தைப்பேற்றைக் குறைத்துவிட்டது. பள்ளிக்கூடம், சத்துணவு, ஊருக்குள் வந்த கிராம சுகாதார செவிலியர் எல்லாம் சேர்ந்து சாதித்தது அது.

பிறகு வந்தது பெண் சிசுக்கொலை பற்றிய பேச்சு. 1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ அட்டைக் கட்டுரை உசிலம்பட்டியை நாடு முழுக்கக் கொண்டுபோனது. செய்தி தேவையான செய்தி. அதன் பின்விளைவாக ஓர் ஊரும் ஒரு சமூகமும் கொலைகாரர் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் போடுங்கள் என்ற அழைப்பு. உயிர் காத்த திட்டம் அது, மறுக்க மாட்டேன். ஆனால் ‘வேண்டாதது’ என்ற எண்ணத்தை அது தொடவில்லை. அதே ஆண்டு வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் கொஞ்சம் ஆழமாகப் போனது: பின்னாளில் உயர்த்தப்பட்ட தொகையின்படி, ஆண் வாரிசு இல்லாமல் ஒரே பெண்ணோடு நிறுத்திக் கருத்தடை செய்துகொண்டால் 50,000 ரூபாய், இரண்டு பெண்ணோடு நிறுத்தினால் ஆளுக்கு 25,000 ரூபாய் வைப்புத்தொகை. 1994-இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வந்தது. குடும்ப நலத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அந்தப் படம் பார்ப்பவரை அழவைத்ததோடு, தப்பிப் பிழைத்த பெண் என்னவாக வளர்கிறாள் என்பதையும் காட்டியது. அழுகையை மட்டும் நம்பும் குறும்படங்கள் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த முன்னுதாரணம் தருமபுரி. 1990-களின் கடைசியில் மாவட்ட நிர்வாகமும் டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டமும் சேர்ந்து அங்கே கலைப்பயணம் நடத்தின. உள்ளூர் ஆட்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, ஊர் ஊராக நாடகம் போட்டார்கள். வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் அந்த அனுபவத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தெருவில் நாடகம் நடந்தால் கூட்டத்தில் மாமனார் இருப்பார், வரதட்சணை கேட்டவர் இருப்பார், ஊர்ப் பெரியவர் இருப்பார். பேச்சு எல்லோர் முகத்துக்கு முன்னாலும் விழும். கைப்பேசிக் காணொளி தனியறையில் ஒருத்தியின் கைக்கு மட்டும் போகிறது. சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001-இல் 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள், 2011-இல் 916. தருமபுரியும் ஏறியது. இதில் கலைப்பயணத்தின் பங்கு எவ்வளவு, சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஊரே ஒன்றாக உட்கார்ந்து கேட்ட பேச்சு அந்த மாற்றத்துக்கு உள்ளே இருந்தது என்பதை நான் நம்புகிறேன்.

நடவு ஆளும் நடவு இயந்திரமும்

தஞ்சாவூரில் இந்தப் பேச்சே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் 2011 கணக்கில் குழந்தைப் பாலின விகிதம் மாநிலச் சராசரியான 943-க்கு மேல்தான். இப்படிப்பட்ட வட்டார வேறுபாட்டுக்குப் பொருளாதார அறிஞர் பிரணாப் பர்தன் 1974-லேயே ஒரு விளக்கம் கொடுத்திருந்தார். நெல் நாற்று நடுவது பெண்கள் கையை நம்பிய வேலை. நெல் விளையும் தெற்கிலும் கிழக்கிலும் பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு இருப்பதால் பெண் குழந்தை பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது, கோதுமை வட்டாரத்தில் அது குறைகிறது என்றார். பின்னாளில் இதை மறுத்தும் திருத்தியும் பலர் எழுதினார்கள். ஆனால் டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பட்டத்திலும் சேற்றில் குனிந்து நின்ற பெண்களின் வரிசையைப் பார்த்தவருக்கு அதில் உண்மை இல்லை என்று சொல்ல மனம் வராது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் மகள் என்றால் இன்னொரு நடவு ஆள்.

அந்த வரிசை இப்போது சுருங்கிவருகிறது. நடவு இயந்திரம் வந்துவிட்டது, அறுவடை இயந்திரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. நேரடி விதைப்பு பரவுகிறது. கல்யாணச் செலவு மட்டும் குறையவில்லை. வயலில் பெண்ணின் கூலி நாட்கள் குறைந்து, நகைக் கடையில் பவுன் கணக்கு ஏறும்போது மகளைப் பற்றிய கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. கொள்ளிடத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனால் அரியலூர்: 2011-இல் 897. கொள்ளிடம் கடலில் சேரும் பக்கத்தில் கடலூர்: 896. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011-இல் விரிவுபடுத்தியபோது இந்த இரண்டு மாவட்டங்களும் பட்டியலில் இருந்தன. ஒரு பாலம் தாண்டினால் விகிதம் சுமார் அறுபது புள்ளி இறங்குகிறது என்றால், காவிரிக் கரைக்காரர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்க ஒன்றுமில்லை. இங்கேயும் முதல் பெண் பிறந்தால் “மகாலட்சுமி வந்திருக்கா” என்று கல்கண்டு கொடுக்கிற வீடு, இரண்டாவதும் பெண் என்றால் “சரி, சுகப்பிரசவம்தானே” என்று பேச்சை மாற்றுகிறது. அந்தப் பேச்சு மாறும் இடத்தில்தான் ஒரு தாய்க்குத் தனிமை தொடங்குகிறது.

மத்திய அரசு 2015 ஜனவரி 22-இல் பானிபட்டில் ‘பேட்டி பச்சாவோ பேட்டி படாவோ’ தொடங்கியபோது முதல் நூறு மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது கடலூர். அந்தத் திட்டத்துக்கு 2016 முதல் 2019 வரை விடுவிக்கப்பட்ட 446.72 கோடி ரூபாயில் 78.91 சதவீதம் ஊடகப் பரப்புரைக்கே போனது என்று நாடாளுமன்றக் குழு 2021 டிசம்பரில் சொன்னது. பணம் விளம்பரத்துக்குப் போனதைவிட, அந்த விளம்பரம் என்ன தொனியில் பேசியது என்ற கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஏனென்றால் தொனி தவறினால் பாதிப்பு மருத்துவமனை வாசலில் தெரியும். ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கருக்கலைப்பு அப்படி இல்லை. 1971 ஆகஸ்டில் நிறைவேறி 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர் போன்றோருக்கு இரண்டு மருத்துவர் கருத்தோடு 24 வாரம் வரை. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. திருமணமாகாத பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-இல் தீர்ப்பளித்தது. கருவின் மேல் கத்தி தொங்கும் படத்தையும் சிறைக் கம்பியையும் மட்டும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எல்லாமே கொலை, எல்லாமே குற்றம் என்றுதான் பதிந்திருக்கும். அப்போது அவள் அரசு மருத்துவமனைக்குப் போகாமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குகிறாள். 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி, அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று ‘லான்செட்’ குழும இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மத்திய சுகாதார அமைச்சகமே 2015-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டு, பாலினத் தேர்வைத் தடுக்கும் பரப்புரை பாதுகாப்பான கருக்கலைப்பை நாடும் பெண்ணை விரட்டிவிடக் கூடாது, கருவைக் கொலைக் காட்சியாகக் காட்ட வேண்டாம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறது. அந்த அறிவுரை குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ரோட்டரி, அரிமா சங்கங்களுக்கும் போய்ச் சேரவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு வேறு என்பதும் தெரியும். வேளாங்கண்ணியைத் தன் எல்லைக்குள் கொண்ட தஞ்சை மறைமாவட்டத்து மக்களிடம் எல்லாக் கருவும் இறைவன் கொடை என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டு அங்கே தொட்டில் கட்டுகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நம்பிக்கையை ஒரு பெண்ணிடம் எடுத்துச் சொல்லும்போதும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

அப்படிப் பேசும் ஒரு நிகழ்ச்சி நம் அங்கன்வாடிகளிலேயே நடக்கிறது. சமுதாய வளைகாப்பு. வரிசையாக நாற்காலி, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் மாலை, சந்தனம், குங்குமம், இரண்டு கை நிறைய கண்ணாடி வளையல். எந்தச் சாதி, எத்தனையாவது பிள்ளை என்ற கணக்கு இல்லாமல் ஒரே பந்தியில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம். மூன்றாவது பிள்ளையைச் சுமந்து கூச்சத்தோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவள் கையிலும் அதே வளையல் ஏறும். செவிலியர் நடுவில் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிச் சொல்வார். யாரும் யாரையும் அதட்டுவதில்லை. இதைப் படமெடுத்தால் போதும், கருவுக்கு மழலைக் குரல் கொடுக்கத் தேவையே இல்லை.

அடுத்து ஒரு விளம்பரம் எடுக்கப்போகிறவர்களுக்கு என்னிடம் ஒரு காட்சி இருக்கிறது. ஒரத்தநாடு பக்கம் ஒரு திண்ணை. மருமகள் ஸ்கேன் முடித்து வந்து உட்கார்கிறாள். “என்னம்மா சொன்னாங்க?” என்று மாமியார் கேட்கிறார். “பிள்ளை நல்லா இருக்காம் அத்தை.” பக்கத்து வீட்டுக்காரி, “என்ன பிள்ளைன்னு கேக்கலையா?” என்று இழுக்கிறாள். மாமியார் மருமகள் கையில் மோர்ச்செம்பைக் கொடுத்துவிட்டு, “எது வந்தாலும் எங்க வீட்டுப் பிள்ளைதான். நீ உன் வேலையைப் பாரு” என்கிறார். பின்னால் கணவன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறான். முப்பது நொடிதான் ஆகும். முடிவெடுக்கிறவர்கள் யாரோ அவர்களே அதில் பேசுகிறார்கள். பார்க்கும் மாமியார் அதில் தன்னைப் பெருமையாகக் காண்பார். குற்றவாளியாகக் காண்பதைவிட அது அவரை வேகமாக மாற்றும்.

கடைசி மூன்று நொடியில் சிறைத்தண்டனையை எழுதவேண்டிய இடம் ஸ்கேன் மையத்தின் சுவர். அங்கே அந்தப் பலகை சட்டப்படி ஏற்கெனவே தொங்குகிறது. அதை ஒழுங்காகக் கண்காணிக்க வேண்டியவர்கள் மாவட்ட அதிகாரிகள். கர்ப்பிணியின் கைப்பேசிக்குப் போகும் படத்தின் முடிவில் 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள். கீழே, அவள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இருப்பார் என்பதை எழுதுங்கள்.